எதை விட்டுக்கொடுத்துப் பறக்கிறது?

2025 ஜூன் 14ஆம் தேதி இரவு, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர்விமானம் ஒன்று அவசரமாக வந்திறங்கியது. மோசமான வானிலையும் குறைந்துகொண்டே வந்த எரிபொருளும் அதைத் தன் கப்பலான எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்குத் திரும்ப விடவில்லை. இறங்கிய பிறகு ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தெரியவந்ததால், ஜூலை 22ஆம் தேதி வரை அது அங்கேயே நின்றது. வளைகுடாவுக்குப் போகும் சொந்தங்களை வழியனுப்பவும் வருகிறவர்களை அழைத்துவரவும் திருவனந்தபுரம் போய்வருவது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தாருக்குப் பழகிப்போன காரியம். ஆகவே அந்த ஐந்து வாரங்களும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் டீக்கடைப் பேச்சு முழுவதும் அந்த விமானத்தைப் பற்றியதாகவே இருந்தது. பேசியவர்களில் பெரும்பாலோர் விலையைத்தான் பேசினார்கள். என் அக்காள் மகன் மட்டும் வேறு மாதிரி கேட்டான்: “மாமா, அவ்வளவு ரூவா குடுத்துச் செஞ்ச சாமானம் மழையில நனைஞ்சுகிட்டு நிக்குது. அதுல அப்படி என்னதான் விசேஷம்?”

பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு வாய்ப்பேச்சாகச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து, முறைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். விமானங்களை அறிமுகப்படுத்துவதென்றால் வேகம், நீளம், எடை, சுமக்கும் குண்டுகளின் எண்ணிக்கை என்று பட்டியல் போடுவதே வழக்கம். அப்படிப்பட்ட பட்டியல்கள் தமிழில் ஏராளமாகக் கிடைக்கின்றன. படித்து முடித்த கையோடு மறந்தும் போகின்றன. என் அளவில், ஒரு விமானத்தைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: தனக்கென்று விதிக்கப்பட்ட வேலையைச் செய்வதற்காக இது எதை விட்டுக்கொடுத்திருக்கிறது? கரையோரத்தில் வலை வீசும் வள்ளத்தையும், தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குச் சுறாப் பிடிக்கப் போகும் விசைப்படகையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டில் எது உசத்தி என்று எங்கள் கடற்கரையில் யாரும் கேட்க மாட்டார்கள்; எங்கே போக, என்ன பிடிக்க என்றுதான் கேட்பார்கள். போர்விமானம், பயணிகள் விமானம் என்ற பிரிவுகூட இந்தக் கேள்விக்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது.

முதலில் அந்த விருந்தாளியையே எடுத்துக்கொள்வோம். எஃப்-35 மூன்று வகைகளில் வருகிறது. வழக்கமான ஓடுபாதையில் ஏறி இறங்குவது ஏ. குறுகிய தூரம் ஓடி மேலெழுந்து, செங்குத்தாகக் கீழிறங்கக்கூடியது பி. கப்பலின் கவணால் வீசி எறியப்பட்டுக் கம்பியில் மாட்டி நிறுத்தப்படுவது சி. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலில் கவண் கிடையாது. மேல்நோக்கி வளைந்த முனை மட்டுமே உண்டு. எனவே பிரிட்டனுக்கு பி வகையே பொருந்தும். விமானியின் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி கிடைமட்டமாகப் புதைக்கப்பட்டிருக்கிறது. இறங்கும் நேரத்தில் அதன் மேலுள்ள கதவு திறந்துகொள்ள, பின்னாலுள்ள இன்ஜினிலிருந்து ஒரு நீண்ட தண்டு வழியாகச் சுழற்சி வந்து அந்த விசிறியை ஓட்டுகிறது. இன்ஜினின் வால்முனையும் ஏறத்தாழ தொண்ணூறு பாகை திரும்பிக் கீழ்நோக்கிக்கொள்கிறது. முன்னால் விசிறிக் காற்று, பின்னால் சூடான வாயு என்று இரண்டு தூண்களின்மேல் நிற்பதுபோல் விமானம் அந்தரத்தில் நிற்கிறது. இத்தனைக்கும் விலை, பணம் மட்டுமல்ல. ஏ வகை தன் உடலுக்குள் எட்டு டன்னுக்கும் அதிகமான எரிபொருளை ஏற்றிக்கொள்ளும். அந்த விசிறி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பி வகைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு டன்தான். பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி பயன்படாமல் சும்மா கிடக்கும் ஒரு விசிறிக்காகத் தூரத்தை விட்டுக்கொடுத்த விமானம் அது. நம் கடற்படையும் இதே வழியில் வெகுகாலம் நடந்ததுதான்: விராட் கப்பலில் இருந்த சீ ஹாரியர் விமானங்கள் நான்கு முனைகளைக் கீழே திருப்பிச் செங்குத்தாக இறங்கின, 2016இல் அவை ஓய்வு பெற்றன. கொச்சியில் கட்டப்பட்டு 2022இல் படையில் சேர்ந்த விக்ராந்தில் மிக்-29கே விமானங்கள் கொக்கியால் கம்பியைப் பற்றி நிற்கின்றன. அவற்றுக்கு இந்தச் சும்மாக் கிடக்கும் சுமை இல்லை.

இறக்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கள் மாவட்டத்தைவிடத் தோதான இடம் குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்காக முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளின் ஒவ்வோர் இறக்கையும் விமான இறக்கையின் உடன்பிறப்பு. காவல்கிணறு பக்கம் நீண்ட லாரியில் ஏற்றப்பட்டு ஓரமாக நிறுத்தப்பட்டிருக்கும் இறக்கையை அருகில் போய்ப் பாருங்கள். அடிப்பகுதி கிணற்று உறைபோல் வட்டமாக இருக்கும். சற்றுத் தள்ளிப்போனால் ஒருபக்கம் தடித்து உருண்டும் மறுபக்கம் கத்திமுனையாக மெலிந்தும் மாறும். நுனியை நோக்கிப் போகப்போக மொத்த உடலும் மெல்ல முறுக்கிக்கொண்டே போகும். அந்தத் தடித்த முன்விளிம்பும் மெலிந்த பின்விளிம்பும்தான் சூட்சுமம். காற்று அதன்மேல் படும்போது மேற்புறமாகப் போவது வேகமெடுத்து அழுத்தம் குறைகிறது. மொத்தத்தில் இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. காற்றாலையில் அந்தத் தள்ளல் சுழற்சியாகிறது. விமானத்தில் எடையைச் சுமக்கிறது. நுனிக்கு வேகம் அதிகம், அடிக்கு வேகம் குறைவு என்பதால் ஒவ்வோர் இடத்திலும் காற்று வந்து படும் கோணம் மாறுகிறது; முறுக்கு அதற்காகவே. விமானத்தின் புரொப்பல்லரிலும் இதே முறுக்கைப் பார்க்கலாம்.

நீண்டு ஒடுங்கிய இறக்கை குறைந்த உராய்வில் அதிகம் சுமக்கும். ஆனால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அது விமானத்தைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தால் அந்தத் தடை தள்ளிப்போகும் என்று ஜெர்மானியரான அடால்ஃப் புசெமான் 1935இலேயே ஒரு மாநாட்டில் சொல்லியிருந்தார். அன்றைக்கு அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சாய்வை இன்னும் கூட்டி, பின்பக்க இடைவெளியையும் அடைத்துவிட்டால் முக்கோண இறக்கை பிறக்கிறது. வேகத்தில் அது அரசன். மெதுவாகப் பறக்கச் சொன்னால் மூக்கை மிகவும் தூக்கிக்கொள்ளும். தரையிறங்கும் வேகமும் அதிகமாக இருக்கும்.

இந்திய விமானப்படையில் 1963இல் சேர்ந்து 2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 அப்படிப்பட்ட முக்கோண இறக்கைக்காரன். ஒலியைப் போல் இருமடங்கு வேகம், 7 மீட்டரைச் சற்றே தாண்டும் இறக்கை அகலம், ஒரே இன்ஜின். உலகெங்கும் 11,000க்கும் மேல் கட்டப்பட்ட இந்த விமானத்தை நாசிக்கில் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். உரிமம் பெற்று நூற்றுக்கணக்கில் தயாரித்தது. மூக்கின் நுனியே காற்று உள்ளே போகும் வாய். அந்த வாயின் நடுவில் நிற்கும் கூம்புக்குள்தான் ரேடார். கூம்பு பெரிதானால் இன்ஜினுக்குக் காற்று குறையும் என்பதால் ரேடார் என்றைக்கும் சிறியதாகவே இருந்தது. உயரே வரும் குண்டுவீச்சு விமானத்தை நோக்கி விரைந்து ஏறி, சுட்டுவிட்டு, விரைந்து இறங்குவதற்காக உருவாக்கப்பட்டது அது. அதை நாம் அறுபதாண்டுகள் எல்லா வேலைக்கும் பயன்படுத்தினோம். 1971 டிசம்பர் 14ஆம் தேதி டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கியவையும் மிக்-21 விமானங்களே.

விமானப்படையில் தரைப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது எங்கள் தெருவில் வாழைத் தோட்டமும் வீடுமாக இருக்கும் அண்ணாச்சி ஒருவர் இந்த விமானத்தோடு பல ஆண்டுகள் பழகியவர். இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் ஓடுபாதையைத் தொடும் விமானத்தை நிறுத்த, வால் பக்கத்திலிருந்து ஒரு பாராசூட் விரியும். விமானம் ஓடுபாதையைவிட்டு விலகும்போது அதைக் கழற்றி விட்டுவிட்டுப் போய்விடும். ஆட்கள் ஓடிப்போய் அள்ளிவர வேண்டும். “பைலட்டுக்கு வேலை அதோட தீந்துரும் தம்பி. அந்தத் துணிய உலத்தி, கயிறு சிக்கு எடுத்து, மடிச்சு, திரும்ப அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள வச்சுத் திணிக்கதுக்கு உள்ள பாடு எங்களுக்குத்தான் தெரியும்” என்பார். மழைக்காலத்தில் நனைந்த பாராசூட்டின் கனத்தைப் பற்றி அவர் இன்னும் கசப்போடுதான் பேசுகிறார். விபத்துகளைப் பற்றிக் கேட்டால் விமானத்தை மட்டும் குறைசொல்ல அவர் உடன்படுவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. மெதுவான பயிற்சி விமானங்களில் பழகிய இளைஞர்கள் நேரே இந்த வேகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்; இடைப்பட்ட படியாக இருக்க வேண்டிய ஹாக் பயிற்சி விமானம் 2008இல்தான் படைக்கு வந்தது. ஒரே இன்ஜின், வேகமான தரையிறக்கம், வயது, பயிற்சியில் இடைவெளி என்று எல்லாம் ஒன்றுகூடியதன் பெயரைத்தான் பத்திரிகைகள் “பறக்கும் சவப்பெட்டி” என்று சுருக்கிவிட்டன. எனக்கு அந்தப் பெயரில் ஒருபோதும் உடன்பாடு இல்லை.

மிக்-21க்கு மாற்றாக 1983இல் திட்டமிடப்பட்ட தேஜஸும் முக்கோண இறக்கைதான். ஆனால் வாலில் கிடைமட்டச் சிறகு கிடையாது. வால் போனால் எடை குறையும், உராய்வு குறையும். நிலைத்தன்மையும் சேர்ந்து போகும். தானாக நேராகப் பறக்க முடியாத உடலாகவே அதை வேண்டுமென்று வடிவமைத்து, நொடிக்குப் பலமுறை திருத்திக்கொண்டே இருக்கும் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த கூட்டுப்பணி 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிந்தைய தடையால் நின்றது. மீதியை பெங்களூரிலேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4ஆம் தேதி முதல்முறையாகப் பறந்தது. கோவை சூலூரில் உள்ள 18ஆவது ஸ்குவாட்ரன் 2020இல் தேஜஸைப் பெற்றது. இறக்கையிலும் மென்பொருளிலும் சாதித்த நாம் இன்ஜினில் இன்னும் சாதிக்கவில்லை. நாமே உருவாக்கிய காவேரி இன்ஜின் எதிர்பார்த்த வலுவைத் தராததால், அமெரிக்க எஃப்404 இன்ஜினே தேஜஸைச் சுமக்கிறது.

முக்கோண இறக்கையின் இந்தக் குணம் போர்விமானங்களுக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து கட்டிய கான்கார்டு 1976இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் நூறு பேரை ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் சேர்த்தது. இறங்கும்போது மூக்கைத் தூக்கிக்கொள்ளும் அதே குணத்தால் விமானிக்கு ஓடுபாதை தெரியாது. ஆகவே மூக்கையே கீழே மடக்கும்படி செய்துவிட்டார்கள். ஒரு பயணியின் தலைக்கு அது குடித்த எரிபொருளோ அக்காலத்துச் சாதாரண ஜெட்டைப்போல் பல மடங்கு. ஒலியை மிஞ்சிப் பறக்கும் நேரமெல்லாம் எழும் வெடிச்சத்தத்தால் நிலப்பரப்பின்மேல் அதன் முழுவேகத்தில் பறக்கப் பல நாடுகள் விடவில்லை. 2000 ஜூலை 25ஆம் தேதி பாரிஸில் நடந்த விபத்துக்குப் பிறகு மீண்டும் பறந்தாலும், 2003இல் நிறுத்தப்பட்டது. வேகத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த பயணிகள் விமானம் அது ஒன்றுதான் என்று சொல்வது மிகையல்ல. சோவியத் நாட்டின் டுபோலெவ் 144 பயணிகளோடு பறந்த காலம் மிகக் குறைவு.

உளவு விமானங்களில் இந்த விட்டுக்கொடுத்தல் இன்னும் கடுமையாக இருக்கும். 1955இல் பறந்த யு-2, 21 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய காற்றிலும் மிதப்பதற்காகக் இன்ஜின் இல்லாமல் மிதக்கும் கிளைடரைப் போன்ற மிக நீண்ட இறக்கையை வைத்துக்கொண்டது. எடையைக் குறைக்க, முன்னும் பின்னுமாக இரண்டே சக்கரத் தொகுதிகள். இறங்குவது அவ்வளவு சிரமம் என்பதால் இன்னொரு விமானி ஓடுபாதையில் வேகமான காரில் பின்தொடர்ந்து, தரைக்கு இன்னும் எத்தனை அடி என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே வருவார். 1964இல் வந்த எஸ்.ஆர்.-71 நேர் எதிர்: ஒலியின் மூன்று மடங்குக்கும் மேலான வேகம், டைட்டானியம் உடல். பறக்கும்போது ஏறும் சூட்டில் உலோகம் விரியும் என்பதால் தகடுகளுக்கு இடையே முன்கூட்டியே இடைவெளி விட்டிருந்தார்கள். எனவே தரையில் நிற்கும்போது எரிபொருள் கசிந்து சொட்டும். இதுவரை கட்டப்பட்டவற்றில் பார்க்க மிக அழகானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். குண்டுவீச்சு விமானங்களில் எனக்கு ஈடுபாடு குறைவு. 1952இல் முதலில் பறந்த எட்டு இன்ஜின் பி-52, அதை ஓட்டுகிறவர்களின் தாத்தா காலத்திலிருந்து இன்றும் சேவையில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி இன்ஜின். தூத்துக்குடிக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் போனவர்கள் பெரும்பாலும் ஏ.டி.ஆர். 72 விமானத்தில்தான் போயிருப்பார்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர் அளவிலேயே இருந்ததே அதற்குக் காரணம். இப்போது அது 3,000 மீட்டருக்கும் மேலாக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டிருக்கிறது. ஏ.டி.ஆரில் பயணிகள் பின்வாசல் வழியாக ஏறுகிறார்கள், முன்வாசல் பெட்டிகளுக்கு. இறக்கை தலைக்கு மேலே. ஆறு இதழ் புரொப்பல்லர் சுழல்வதைப் பார்த்துப் பழைய காலத்து விமானமோ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதன் உள்ளே இருப்பதும் ஜெட் விமானத்தில் இருப்பதைப் போன்ற கேஸ் டர்பைன்தான். அது வெளியே விடும் வாயுவின் தள்ளலை நம்பாமல், கிடைத்த சக்தியை ஒரு பெரிய விசிறிக்குக் கொடுக்கிறது. அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட எரிபொருளை மிச்சப்படுத்தும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போதும், ஓடுபாதை சிறியது, தூரமும் குறைவு என்றால் அதற்கு மிஞ்சியது இல்லை.

நம் விமானப்படையின் ஏ.என்.-32 சரக்கு விமானமும் இதே வகை இன்ஜின் கொண்டதே. இமயமலையின் உயரமான, கல்லும் மண்ணுமான இறங்குதளங்களுக்காக, அதன் இன்ஜின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய புரொப்பல்லர் தரைக்கல்லில் இடிக்காமல் இருக்க அதுவே வழி. லடாக்கின் தௌலத் பெக் ஓல்டியில், 16,000 அடிக்கும் மேலான உயரத்தில், 2013இல் இறங்கிய சி-130ஜே விமானத்துக்கும் நான்கு புரொப்பல்லர்கள்தான்.

இப்போது பயணிகள் விமானங்களில் நாம் காணும் பெரிய வாய் கொண்ட இன்ஜின்களும் இதே கணக்கின் நீட்சி. முன்னாலுள்ள விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி நெருப்புப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு பின்னால் வெளியேறுகிறது. போயிங் 777இன் ஜி.இ.90 இன்ஜினில் அந்த விசிறியின் விட்டம் மட்டும் 3.25 மீட்டர். வளைகுடாவிலிருந்து நம்மவர்கள் வரும் போயிங் 737இன் மொத்த உடலின் அகலமே 3.76 மீட்டர்தான்.

அந்த 737ஐப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005 ஏப்ரல் 29ஆம் தேதி தன் முதல் விமானத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு இயக்கியது. அதன்பிறகு குமரி மாவட்டத்தில் இந்த விமானத்தில் கால்வைக்காத குடும்பங்கள் குறைவு. அடுத்தமுறை ஏறும்போது ஜன்னல் வழியாகவோ ஏணிப்படியில் நின்றோ இன்ஜினின் வாயைப் பாருங்கள். அது வட்டமாக இருக்காது. அடிப்பக்கம் அமுக்கியது போலத் தட்டையாக இருக்கும். 1967இல் முதலில் பறந்தபோது 737 சிறிய ஊர்களின் விமானம். ஏணிவண்டியோ சுமைதூக்கும் இயந்திரமோ இல்லாத நிலையங்களிலும் ஆட்கள் தரையில் நின்றபடியே பெட்டிகளை ஏற்றட்டும் என்று, உடலைத் தரைக்கு மிக அருகே வைத்தார்கள். அன்றைய இன்ஜின் சுருட்டுப்போல ஒல்லியானது. இறக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. எண்பதுகளில் எரிபொருள் சிக்கனமான, பெரிய விசிறி கொண்ட இன்ஜின் வந்தபோது அதை மாட்டத் தரைக்கும் இறக்கைக்கும் நடுவே இடம் இல்லை. இன்ஜினை முன்னால் தள்ளி, அடியில் இருக்க வேண்டிய துணைக்கருவிகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி, வாயைத் தட்டையாக்கிச் சமாளித்தார்கள். 

அடுத்த தலைமுறையான 737 மேக்ஸில் விசிறி இன்னும் பெரிதானது. இன்ஜினை மேலும் முன்னே தள்ளி உயர்த்தியதில், சில நிலைகளில் மூக்கு தானாக எழும் போக்கு உண்டாயிற்று. அதைச் சரிக்கட்ட எம்.கேஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். அது கோணத்தை அளக்கும் ஒரே ஒரு உணர்கருவியை நம்பியிருந்தது. விமானிகளுக்கும் அதைப் பற்றி முறையாகச் சொல்லப்படவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் அந்தக் கருவி தவறான அளவைத் தர, மென்பொருள் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அமுக்கியது. 346 பேர் இறந்தார்கள். உலகெங்கும் அந்த விமானம் இறக்கி நிறுத்தப்பட்டு, திருத்தங்களுக்குப் பிறகே மீண்டும் பறந்தது. குட்டைக் கால் என்ற அறுபதுகளின் முடிவு நியாயமானதே. கால் குட்டையாகவே இருக்க, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வளைத்துக்கொண்டே போனதும், வளைத்ததை மறைத்ததும்தான் நியாயமல்ல. 1987இல் பறந்த போட்டியாளரான ஏர்பஸ் ஏ320 உயரமான காலோடு பிறந்ததால் பெரிய இன்ஜினை எளிதாக ஏற்றுக்கொண்டது. பயணிகள் விமானத்தில் முழுமையாகக் கணினி வழிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த முன்னோடியும் அதுவே. இரண்டையும் தரையிலிருந்தே பிரித்தறியலாம்: தலைக்குமேல் போகும்போது வயிற்றில் இரண்டு கருப்பு வட்டங்கள் தெரிந்தால் அது 737, அதன் முக்கியச் சக்கரங்களை மூடக் கதவு கிடையாது.

இதே 737இன் உடல் வேறொரு வேலைக்கும் எங்கள் கடலுக்கு வந்தது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரிக்கடலைக் கடந்தபோது, அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. காணாமல்போனவர்களைத் தேடக் கப்பல்களோடு கடற்படையின் பி-8ஐ, டோர்னியர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அனுப்பப்பட்டன. பி-8ஐ என்பது 737-800இன் உடலில் கட்டப்பட்ட கடல் கண்காணிப்பு விமானம். அரக்கோணம் ராஜாளி தளத்தில் நிற்கிறது. ஜன்னல்கள் அநேகமாக இல்லை. உள்ளே இருக்கைகளுக்குப் பதில் திரைகளும், கடலில் போட்டு நீர்மூழ்கியின் ஓசையைக் கேட்கும் மிதவைகளும் உள்ளன. பயணிகள் விமானத்தின் இறக்கை நுனி மேலே வளைந்திருக்க, இதன் நுனி பின்னோக்கி நீண்டிருக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய், அங்கே நான்கு மணி நேரம் சுற்றித் தேடிவிட்டுத் திரும்பும் வல்லமை உடையது. ஆனால் அதன் ரேடார் உலோகத்தைத்தான் நன்றாகப் பார்க்கும். மரமும் ஃபைபரும் ரேடார் அலையை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன. கவிழ்ந்து அலையோடு அலையாகக் கிடக்கும் படகையும் நீரில் தலை மட்டும் தெரிய மிதக்கும் மனிதனையும் கண்டுபிடிக்க, கடைசியில் மனிதக் கண்தான் வேண்டும். அதற்குத் தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் டோர்னியர் 228 போன்ற சிறிய விமானமே பொருத்தம். அதற்கோ அவ்வளவு தூரம் போக முடியாது. போதுமான தூரம் போய்த் தேடவில்லை என்று கடற்கரை ஊர்கள் அன்று குமுறியதையும், மீனவர்களே படகெடுத்துத் தேடப்போனதையும் நினைக்கும்போது, எல்லா வேலைக்கும் ஏற்ற ஒரே விமானம் என்று எதுவும் இல்லை என்பது வெறும் பொறியியல் செய்தியாகத் தோன்றுவதில்லை.

பயணிகள் விமானங்களின் தொடக்கத்துக்குப் போனால், எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், 1935 நவம்பர் 1ஆம் தேதி திருவனந்தபுரத்துக்கு டாடா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் தபாலோடு வந்தது. ஓட்டியவர் நெவில் வின்சென்ட். மரச்சட்டமும் துணியுமான இரட்டை இறக்கை விமானம் அது. பயணிகள் மூன்று நான்கு பேர் முன்னால் மூடிய அறைக்குள் உட்கார, விமானி அவர்களுக்குப் பின்னால் திறந்த வெளியில் காற்றில் உட்கார்ந்து ஓட்டுவார்! இதே வின்சென்ட்தான் 1932 அக்டோபரில், ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர். கால் நூற்றாண்டு கழித்து, 1960இல், அந்த நிறுவனத்தின் வாரிசான ஏர் இந்தியா போயிங் 707 ஜெட்டை இயக்கியது. 707உம் அமெரிக்க விமானப்படைக்கு வானத்திலேயே எரிபொருள் நிரப்பும் கே.சி.-135உம் ஒரே முன்மாதிரியிலிருந்து பிறந்தவை. 737க்கு இன்றுவரை இருக்கும் 3.76 மீட்டர் அகலம் அந்த 707இடமிருந்து வந்த சொத்து.

போயிங் 747 வேறு வகையான கதை. 1969 பிப்ரவரி 9ஆம் தேதி முதலில் பறந்த அதன் தலைமை வடிவமைப்பாளர் ஜோ சட்டர். பயணிகளை இனி ஒலியை மிஞ்சும் விமானங்கள்தான் சுமக்கப்போகின்றன, 747க்குச் சில ஆண்டுகளில் சரக்கு வேலைதான் மிஞ்சும் என்று அன்று பலரும் நம்பினார்கள். எனவே மூக்கை அப்படியே மேலே தூக்கித் திறந்து, நீண்ட சரக்கை நேராக உள்ளே தள்ள வசதியாக, விமானி அறையை மாடியில் வைத்தார்கள். உலகம் முழுவதும் அடையாளம் கண்டுகொண்ட அந்தத் திமில் அப்படி வந்ததுதான். நடந்தது தலைகீழ்: கான்கார்டு ஒரு சிலரின் விமானமாகவே நின்றுவிட, அரை நூற்றாண்டுக் காலம் சாமானியர்களைக் கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுபோனது 747தான். 

2007இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ380, முழு நீளத்துக்கும் இரண்டு மாடிகளும் 80 மீட்டரை ஒட்டிய இறக்கையுமாக அதைவிடப் பெரியதாக வந்தது. ஆனால் அதற்குள் இரண்டே இன்ஜின்களோடு பெருங்கடலைக் கடக்கும் அளவுக்கு இன்ஜின்களின் நம்பகத்தன்மை வளர்ந்துவிட்டது. நான்கு இன்ஜின்களுக்குத் தீனி போட விமான நிறுவனங்களுக்கு மனமில்லை. மூக்கில் விமானி அறை அமைந்துவிட்டதால் அதன் மூக்கைத் திறக்கவும் வழியில்லை. திட்டமிட்ட சரக்கு வகையும் கைவிடப்பட்டது. 251 விமானங்களோடு 2021இல் உற்பத்தி நின்றது. 747 மட்டும் 1,574 வரை போயிற்று. 2023 ஜனவரி 31ஆம் தேதி ஒப்படைக்கப்பட்ட கடைசி விமானத்தை வாங்கியது அமெரிக்கச் சரக்கு விமான நிறுவனமான அட்லஸ் ஏர்; ஜோ சட்டரின் குழு முதல் நாளிலேயே கணக்குப் போட்டிருந்தபடி, மூக்கு திறக்கும் சரக்கு விமானமாக.